இரண்டு சொற்கள், 264 பேர், ஆறரை மணி நேரம்: ஒரு பேச்சு ஆய்வின் நிகழ்வுப் பதிவு

பின்னணி

1962 நவம்பர் மாதம். நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் மூன்று பெரிய பல்பொருள் அங்காடிகளில் ஒருவர் ஊழியர்களிடம் வழி கேட்டுக்கொண்டே நடந்தார். கோட்டு, வெள்ளைச் சட்டை, டை. பெண்களுக்கான காலணிகள் எங்கே இருக்கின்றன என்று கேட்பார். பதில் வந்ததும், சரியாகக் காதில் விழாதவர்போல முன்னால் குனிந்து இன்னொரு முறை கேட்பார். பிறகு நகர்ந்துவிடுவார். அவருக்குப் பதில் சொன்னவர்கள் 264 பேர். தாம் ஓர் ஆய்வில் இடம்பெறுகிறோம் என்பது அவர்களில் எவருக்கும் தெரியாது. அவர்கள் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

கேட்டவர் வில்லியம் லபோவ். அப்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். மொழியியலுக்கு வருவதற்குமுன் பல ஆண்டுகள் தொழிற்சாலையில் மை தயாரிக்கும் வேதியியலாளராக வேலை பார்த்தவர். பேச்சு வேறுபாடுகளை ஆராய விரும்புகிறவர்கள் முதலில் ஆழ்ந்து படிக்க வேண்டியது இந்த ஆய்வைத்தான் என்பது என் உறுதியான கருத்து. இதன் முடிவுகள் பல பாடநூல்களில் இருக்கின்றன. அந்த முடிவுகளுக்கு இட்டுச்சென்ற தேர்வுகளைப் பற்றித்தான் போதிய அளவு பேசப்படுவதில்லை. ஆகவே தேர்வுகளை ஒட்டியே இந்தப் பதிவை எழுதுகிறேன்.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது ஒரே ஓர் ஒலி. ஆங்கிலத்தில் உயிரொலிக்குப் பின்னால் வரும் 'ர்'. கார், கார்ட், ஃபோர் போன்ற சொற்களில் அந்த 'ர்' ஒலிக்கிறதா, மறைகிறதா என்பதே கேள்வி. தமிழ் எழுத்தில் வேறுபாடு தெளிவாகவே தெரியும். ஒருவர் 'ஃபோர்த் ஃப்ளோர்' என்பார். மற்றவர் 'ஃபோத் ஃப்ளோ' என்பார். நியூயார்க்கில் ஒரு காலத்தில் 'ர்' இல்லாத உச்சரிப்பே மதிப்புக்குரியதாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை தலைகீழாகி, 'ர்' ஒலிப்பது படித்தவர் பேச்சின் அடையாளமாயிற்று.

அதற்கு முன்பு கண்டது

இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்தபோது நியூயார்க் பேச்சைக் கவனித்த அறிஞர்களுக்கு அது பெருங்குழப்பமாகத் தோன்றியது. ஒரே ஆள் ஒரே வாக்கியத்தில் ஓரிடத்தில் 'ர்' ஒலிக்கிறார், அடுத்த சொல்லில் விட்டுவிடுகிறார். நகரின் உச்சரிப்பைப் பற்றி 1950இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பெருவாரியான மக்களின் பேச்சில் இவ்விஷயத்தில் எந்த ஒழுங்கும் இல்லை என்ற முடிவுக்கே வந்தது. நம் இலக்கண நூல்கள் 'உறழ்ச்சி' என்று சொல்வதுபோல, இப்படியும் வரலாம், அப்படியும் வரலாம், காரணம் கேட்க வேண்டாம் என்ற நிலை.

லபோவ் அதை ஏற்கவில்லை. கடைகளுக்குப் போகும் முன்பே அவர் 70 தனிநபர் நேர்காணல்களை நடத்தியிருந்தார். பொது இடங்களில் பலர் பேசுவதையும் அவர்கள் அறியாமல் கேட்டிருந்தார். 'ர்' வருவதும் மறைவதும் பேசுகிறவரின் சமூக நிலையோடும், பேச்சில் அவர் காட்டும் கவனத்தோடும் சேர்ந்து ஏறி இறங்குகிறது என்ற ஐயம் அப்போதே அவருக்கு எழுந்திருந்தது.

ஐயத்தை எப்படிச் சோதிப்பது? இங்கேதான் பழைய முறைகள் உதவவில்லை. 1876இல் ஜெர்மனியில் கேயோர்க் வென்கர் என்பவர் சில வாக்கியங்களை எழுதி ஊர்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு அஞ்சலில் அனுப்பி, உங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்வார்கள் என்று எழுதிக் கேட்டார். பிரான்சில் எட்மோன் எட்மோன் என்பவர் 1897 முதல் 1901 வரை வினாப்பட்டியலுடன் 639 இடங்களுக்குப் போய் விடைகளைக் குறித்து வந்தார். இரண்டும் மாபெரும் உழைப்பு. அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் இரண்டிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: 'இதை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?' அப்படிக் கேட்ட கணமே மனிதர் தம் நாக்கைக் கவனிக்கத் தொடங்கிவிடுகிறார். கவனிக்காதபோது வரும் பேச்சு நம் கைக்கு எட்டாமல் போய்விடுகிறது. தம்மை எவரும் கவனிக்காதபோது மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை அறிய வேண்டும். அறிவதற்கோ கவனித்தே ஆக வேண்டும். லபோவ் பின்னாளில் இதற்கு 'கவனிப்பவரின் முரண்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். இன்றும் களத்தில் இறங்கும் ஒவ்வொருவரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான்.

கடைகளைத் தேர்ந்தெடுத்தது ஏன்

சமூக நிலை வேறுபாட்டைக் காட்ட ஒரு வழக்கறிஞரையும் ஒரு சுமைதூக்குபவரையும் ஒப்பிட்டிருக்கலாம். அது எளிது, ஆனால் அதில் பெரிதாக எதையும் நிரூபிக்க முடியாது. அவர்களிடையே கல்வி, வருமானம், வேலை, பழகும் வட்டம் என எல்லாமே வேறு. பேச்சு வேறுபடுவதில் வியப்பென்ன? லபோவ் கடினமான பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். வேலை ஒன்றே, செய்யுமிடத்தின் மதிப்பு மட்டும் வேறு. அங்கும் பேச்சு வரிசைப்படி மாறினால், அந்த ஒலி சமூகப் படிநிலையை மிக நுட்பமாகக் காட்டுகிறது என்று துணிந்து சொல்லலாம். பெரிய கடைகளின் விற்பனைப் பெண்கள் தம் வாடிக்கையாளர்களின் மதிப்பைக் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்கிறார்கள் என்ற சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸின் கருத்தும் இந்தத் திட்டத்துக்குத் துணை நின்றது.

மூன்று கடைகள். சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ உயர்மட்டம், மேசிஸ் நடுமட்டம், எஸ். க்ளைன் கீழ்மட்டம். இந்த வரிசையைத் தம் மனத்தோற்றத்துக்கு விட்டுவிடாமல், பேச்சோடு தொடர்பில்லாத சான்றுகளைக் கொண்டு அவர் நிலைநாட்டியதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். 1962 அக்டோபர் 24 முதல் 27 வரையிலான நான்கு நாள்களில், நடுத்தர வகுப்பினர் அதிகம் வாசித்த நியூயார்க் டைம்ஸில் சாக்ஸ் 2 பக்கம், மேசிஸ் 6 பக்கம், க்ளைன் கால் பக்கம் விளம்பரம் செய்திருந்தன. உழைக்கும் மக்கள் வாசித்த டெய்லி நியூஸில் சாக்ஸ் ஒரு வரிகூட இல்லை. மேசிஸ் 15 பக்கம், க்ளைன் 10 பக்கம். பெண்களுக்கான கோட்டின் விலை சாக்ஸில் 90 டாலர், மேசிஸில் 79.95, க்ளைனில் 23. கட்டடங்களே பாதிக் கதையைச் சொல்லிவிடும். சாக்ஸின் மேல்தளங்களில் தரைவிரிப்பும் தாராளமான வெற்றிடமும். க்ளைனிலோ தாழ்ந்த கூரை, சரிந்த சிமெண்டுத் தரை, இண்டு இடுக்கெல்லாம் சரக்கு.

ஒன்று மட்டும் இந்த வரிசைக்கு எதிராக இருந்தது: சம்பளம். வலுவான தொழிற்சங்கம் இருந்ததால் மேசிஸ் ஊழியர்களுக்குச் சாக்ஸ் ஊழியர்களைவிடக் கூலி அதிகம். இது ஆய்வுக்கு இடையூறாகத் தோன்றலாம். எனக்கோ இது எதிர்பாராமல் கிடைத்த நன்மையாகவே படுகிறது. பின்னால் சாக்ஸ் ஊழியர்களிடம் 'ர்' அதிகம் என்று தெரிந்தால், அதிகச் சம்பளம் பெறுவதால்தான் அப்படிப் பேசுகிறார்கள் என்று எவரும் சொல்லிவிட முடியாது.

கேள்வியை அமைத்த விதம்

இந்த ஆய்வின் உயிர் கேள்வியில் இருக்கிறது. நான்காம் தளத்தில் இருக்கும் ஒரு பிரிவைக் கேட்க வேண்டும். அப்போதுதான் பதில் 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று வரும். முதல் சொல்லில் 'ர்' ஒரு மெய்யொலிக்கு முன்னால் நிற்கிறது. இரண்டாவதில் சொல்லின் கடைசியில் நிற்கிறது. இரு வேறு சூழல்கள் ஒரே மூச்சில் கிடைத்துவிடுகின்றன. பதில் சொல்பவரின் எண்ணமெல்லாம் காலணிப் பிரிவு எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதில்தான். தம் உச்சரிப்பில் அன்று. கேள்வியும் அந்த இடத்துக்கு அந்நியமானது அன்று. கடையில் இருப்பவரிடம் வழி கேட்பது நாளெல்லாம் நடப்பது.

அடுத்தது இன்னும் கூர்மையான முடிவு: மறுபடி கேட்பது. காதில் விழவில்லை என்ற பாவனையில் ஒரு சொல், அவ்வளவுதான். ஊழியர் அதே இரு சொற்களை நிதானமாக, அழுத்தித் திரும்பச் சொல்வார். இப்போது ஒரே ஆளிடமிருந்து நான்கு இடங்கள் கிடைக்கின்றன: இயல்பாகச் சொன்ன இரண்டு, கவனத்தோடு சொன்ன இரண்டு. நான்கிலும் 'ர்' ஒலித்தால் 'முழுவதும்', சிலவற்றில் மட்டும் ஒலித்தால் 'ஓரளவு', எதிலுமே இல்லாவிட்டால் 'இல்லை'. நான்காம் தளத்திலேயே நிற்கும் ஊழியர்களிடம் இது எந்தத் தளம் என்று கேட்டால் போதும்.

பதிலைக் கேட்டதும் அவர் அந்த வரிசையிலேயே கொஞ்சம் நடந்து, பேசியவரின் பார்வையிலிருந்து மறைந்த இடத்தில் நின்று குறித்துக்கொண்டார். கடை, தளம், பால், ஐந்தைந்து ஆண்டுகளாக மதிப்பிட்ட வயது, வேலை, இனம், வெளிநாட்டு அல்லது வேற்று வட்டாரச் சாயல் இருந்தால் அது, பிறகு நான்கு ஒலிகள். ஒலிப்பதிவுக் கருவி இல்லை. அருகருகே நிற்கும் இருவரிடம் ஒரே கேள்வியைக் கேட்டு மாட்டிக்கொள்ளாதபடி இடைவெளி விட்டார்.

அவருடைய உடையும் பேச்சும்கூடத் தீர்மானிக்கப்பட்டவையே. நடுத்தர வகுப்பு உடை. நியூ ஜெர்சியில் பிறந்து கல்லூரியில் படித்த ஒருவரின் இயல்பான, 'ர்' ஒலிக்கும் பேச்சு. கேட்பவர் எப்படிப் பேசுகிறாரோ அதற்கேற்பச் சொல்பவரும் சற்று வளைந்து கொடுப்பார். மூன்று கடைகளிலும் கேட்டவர் ஒரே ஆள் என்பதால் அந்த வளைவு மூன்றுக்கும் பொதுவாகிவிடுகிறது. ஆனால் அது இல்லாமல் போய்விடவில்லை; இதைப் பின்னால் எடுத்துக்கொள்கிறேன்.

கிடைத்தவை

மொத்தம் ஆறரை மணி நேரம். சாக்ஸில் 68 பேர், மேசிஸில் 125 பேர், க்ளைனில் 71 பேர். முழுவதும் அல்லது ஓரளவு 'ர்' ஒலித்தவர்கள் சாக்ஸில் 62 விழுக்காடு, மேசிஸில் 51 விழுக்காடு, க்ளைனில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். 'முழுவதும்' என்ற பிரிவை மட்டும் எடுத்தால் வரிசை இன்னும் துலக்கமாகிறது: 30, 20, 4.

முதலில் எழக்கூடிய ஐயம், இது மூன்று கடைகளிலும் உள்ள ஆள்களின் கலவையால் வந்த வேறுபாடாக இருக்கலாமே என்பது. ஒரு கடையில் பெண்கள் அதிகம், இன்னொன்றில் வெளியூர்க்காரர்கள் அதிகம் என்று இருந்தால்? இதைச் சோதிக்க, அந்நகரிலேயே பிறந்த வெள்ளையர் விற்பனைப் பெண்களை மட்டும் பிரித்து எடுத்துப் பார்த்தார். எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வரிசை கலையவில்லை.

சாக்ஸின் உள்ளேயே கிடைத்த சான்று என்னை இன்னும் அதிகமாக ஈர்க்கிறது. தரைத்தளத்தில் கூட்டமும் நெரிசலும், மற்றக் கடைகளின் சாயல். மேல்தளங்கள் அமைதியானவை, விலை உயர்ந்தவை. தரைத்தளத்தின் 30 பேரில் எங்குமே 'ர்' ஒலிக்காதவர்கள் 54 விழுக்காடு. மேல்தளங்களின் 38 பேரில் அது 26 விழுக்காடு. முதலாளி ஒருவர்தான், கூரை ஒன்றுதான், சில படிகள் ஏறினால் பேச்சு மாறுகிறது. எண்ணிக்கை சிறிதுதான், இதை மட்டும் வைத்துக் கோட்டை கட்ட முடியாது. ஆனால் மூன்று கடைகளுக்கிடையே தெரிந்த அதே சரிவு ஒரு கடைக்குள்ளும் தெரியும்போது, தற்செயல் என்று ஒதுக்குவது கடினமாகிவிடுகிறது.

இரண்டாம் முறை கேட்டதன் பலன் மேசிஸில் தெரிந்தது. முதல் முறை 'ஃப்ளோ' என்றவர்களில் பலர் அழுத்திச் சொன்னபோது 'ஃப்ளோர்' என்றார்கள். கவனமாகச் சொன்ன அந்தக் கடைசிச் சொல்லில் மேசிஸ் ஊழியர்கள் சாக்ஸ் ஊழியர்களுக்கு மிக அருகில் வந்துவிட்டார்கள். சாக்ஸ் ஊழியர்களிடம் முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடையே பெரிய ஏற்றமில்லை. மேசிஸ் ஊழியர்கள் எட்ட விரும்பிய உச்சரிப்பு ஒன்று, நாள்முழுதும் அவர்கள் வாயில் வந்தது வேறொன்று என்று லபோவ் புரிந்துகொண்டார். சாக்ஸில் இருந்தவர்கள் தம் பேச்சைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

இந்த இடத்தை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நின்றுவிடுகிறேன். ஒழுங்கே இல்லை என்று ஒதுக்கப்பட்ட பேச்சு இது. அலட்சியம் என்று நினைக்கப்பட்ட இடத்தில் எவ்வளவு அக்கறை இருந்திருக்கிறது! ஒருவர் 'சரியாகக் கேட்கவில்லை' என்றதும், தம்மை அறியாமல் தம் பேச்சில் மிகச் சிறந்ததை எடுத்துக் கொடுக்க முயன்றிருக்கிறார்கள்.

புரியாமல் நின்ற ஒன்று

'ர்' புதிதாகப் பரவிவரும் ஒலி என்றால் இளையவர்களிடம் அதிகமும் முதியவர்களிடம் குறைவுமாக இருக்க வேண்டும். சாக்ஸில் அப்படியே இருந்தது. க்ளைனில் வயதுக்கும் 'ர்'க்கும் தெளிவான தொடர்பு இல்லை. மேசிஸிலோ நேர்மாறு: முதியவர்களிடம் அதிகம், இளையவர்களிடம் குறைவு. மூன்றையும் சேர்த்துக் கூட்டினால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு, வயதால் வேறுபாடே இல்லை என்பதுபோல் ஒரு தோற்றம் கிடைக்கும். கடைவாரியாகப் பிரித்துப் பார்க்காத ஒருவர் அந்தத் தோற்றத்தையே முடிவாக எழுதியிருப்பார்.

லபோவ் மேசிஸ் எண்களை மறைக்கவில்லை, வளைக்கவுமில்லை. விளங்காத ஒன்றாகவே வைத்துவிட்டு அடுத்த ஆய்வுக்குப் போனார். அது மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைட் பகுதியில், வீடுகளில் ஒலிப்பதிவுக் கருவியோடு நடந்த நீண்ட நேர்காணல் ஆய்வு. இயல்பான பேச்சு, நேர்காணல் பேச்சு, பத்தி வாசிப்பு, சொற்பட்டியல் வாசிப்பு என்று கவனத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் அமைப்பு. கருவி எதிரே இருக்கும்போது இயல்பான பேச்சு எப்படி வரும்? உயிர் போய்விடும் என்று நினைத்த தருணம் எதுவும் உங்கள் வாழ்வில் உண்டா என்று கேட்டார். அப்படி ஒன்றைச் சொல்லத் தொடங்கிய மனிதர் அந்தப் பழைய நிமிடத்துக்குள் போய்விடுவார்; கருவி மறந்துவிடும். அங்காடிகளில் காலணிப் பிரிவு செய்த வேலையை இங்கே ஆபத்தின் நினைவு செய்தது.

அந்த ஆய்வில் விடை கிடைத்தது. படிநிலையின் உச்சிக்கு ஓர் அடி கீழே இருக்கும் வகுப்பினர், மிகக் கவனமான பேச்சில் உச்சியில் இருப்பவர்களையே தாண்டி அதிகமாக 'ர்' ஒலித்தார்கள். அவர்களில் நடுவயதை அடைந்தவர்கள், மேல்வகுப்பு இளையோரின் புதிய உச்சரிப்பைப் பார்த்துத் தம் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மேசிஸின் முதியவர்களிடம் 'ர்' அதிகம் இருந்தது இதனால்தான் என்பது விளக்கம். இரு ஆய்வுகளும் சேர்ந்து 1966இல் நூலாக வெளிவந்தன.

ஆய்வின் குறைகள்

லபோவே தம் குறைகளை வரிசையாக எழுதிவைத்தார். ஒலிப்பதிவு இல்லை, ஒருவர் காதில் விழுந்ததே சான்று. அந்தக் காதும், என்ன கிடைக்க வேண்டும் என்று முன்பே தெரிந்த காது. 'ர்' வந்ததா இல்லையா என்று துணிய முடியாத இடங்களில் எதிர்பார்ப்பு தட்டை ஒரு பக்கம் சாய்த்துவிடக்கூடும். வயது கண்மதிப்பு. இரண்டே சொற்கள். இயல்பான பேச்சு என்று அவர் குறித்ததும், வாடிக்கையாளர் ஒருவரிடம் பேசும் பேச்சே. வீட்டிலோ நண்பர்களிடமோ பேசும் பேச்சு அன்று.

ஆனால் இரண்டு ஆய்வுகளின் குறைகளும் எதிரெதிர்த் திசையில் இருக்கின்றன. வீட்டு நேர்காணலில் எல்லாம் பதிவாகிறது, பேசுகிறவர் யாரென்று தெரிகிறது, ஆனால் சூழல் இயல்பானது அன்று. கடையில் சூழல் இயல்பானது, பேசியவரைப் பற்றி எதுவும் தெரியாது. இரண்டும் ஒரே பக்கம் கைகாட்டும்போது, ஒன்றின் ஓட்டையை மற்றது அடைக்கிறது. கடை ஆய்வை மட்டும் தனியே எடுத்துச் செய்துவிட்டுப் பெரிய முடிவுகளை அறிவிக்கிறவர்கள் இந்த இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

அவர் எழுதிய பட்டியலோடு நான் சேர்க்க விரும்புவது ஒப்புதல் பற்றியது. 264 பேரிடமும் எவரும் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆய்வே இல்லை. பெயர் எழுதவில்லை, குரலைப் பதிவு செய்யவில்லை, அவர்கள் வேலையில் எப்போதும் செய்யும் உதவியைத்தான் கேட்டார். இவற்றை எண்ணும்போது அந்த முடிவை என்னால் ஏற்க முடிகிறது. எனினும், அவர்கள் அறியாமல் அவர்களுடைய வயதும் இனமும் ஒரு தாளில் ஏறின என்ற நினைவு என்னை முழுவதும் நிம்மதியாக இருக்கவிடுவதில்லை. அந்த உறுத்தல் இருப்பது நல்லதென்றே நினைக்கிறேன்.

பின்னர் நடந்தது

இதுபோன்ற விரைவான, பெயரறியாக் கணக்கெடுப்பு பேச்சாய்வின் நிலையான முறைகளில் ஒன்றாகிவிட்டது. அதே ஆய்வை அதே நகரில் மற்றவர்கள் திரும்பச் செய்தார்கள். 1986இல் ஜாய் ஃபௌலர் சாக்ஸுக்கும் மேசிஸுக்கும் போனார். க்ளைன் மூடப்பட்டுவிட்டதால் அதே தரத்து வேறொரு கடையைச் சேர்த்துக்கொண்டார். படிநிலை அப்படியே இருந்தது. எல்லாக் கடைகளிலும் 'ர்' கொஞ்சம் முன்னேறியிருந்தது. 24 ஆண்டுகளில் அவ்வளவுதான் நகர்ந்திருந்தது என்பது, இப்படிப்பட்ட மாற்றம் எவ்வளவு பொறுமையாக நடக்கிறது என்பதைக் காட்டியது. 2009இல் பத்ரிக்-ஆந்த்ரே மாதர் மீண்டும் களமிறங்கினார். அப்போது 'ர்' மேலும் பரவியிருந்தது.

திரும்பச் செய்ய முடிந்ததற்குக் காரணம், லபோவ் தம் முறையை வார்த்தைக்கு வார்த்தை எழுதிவைத்திருந்ததே. என்ன கேட்டார், எப்படி நின்றார், எங்கே குறித்தார், என்ன உடுத்தியிருந்தார் என்பதெல்லாம் இருந்தன.

மறுபடி செய்தால்

முதல் மாற்றம் காதில். ஒலிகளைக் குறிப்பவருக்கு ஆய்வின் நோக்கம் தெரியக்கூடாது. குறைந்தது, சேர்ந்து நிற்கும் இருவர் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் குறித்துப் பின்னர் ஒப்பிட வேண்டும். ஐயமான இடங்களைத் தனிப் பிரிவாகவே வைத்து, அவற்றைச் சேர்த்தும் விட்டும் கணக்குப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கேட்பவர் ஒருவராக இருக்கக்கூடாது. 'ர்' ஒலிக்கும் ஆள் கேட்டபோது கிடைத்த பதிலும், ஒலிக்காத ஆள் கேட்டால் கிடைக்கும் பதிலும் ஒன்றா என்று பார்த்தால்தான், ஊழியர்கள் தம் கடையைப் பேசுகிறார்களா, எதிரே நிற்பவரைப் பேசுகிறார்களா என்பது பிரியும். 1962இல் இந்த இரண்டும் பின்னிக் கிடந்தன.

தமிழில் செய்ய விரும்புகிறவர்களுக்கு ழகரம் உடனே நினைவுக்கு வரும். ஏழாம் தளத்தில் இருப்பதைக் கேட்கலாம், கீழ்த்தளத்தில் இருப்பதைக் கேட்கலாம். ழ, ள என்று பதில்கள் பிரியும். ஆனால் இரண்டாம் முறை கேட்கும்போது நமக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் அதே இரு சொற்கள் திரும்ப வந்தன, மாறியது ஒலி மட்டும். தமிழில் பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் இடைவெளி பெரிது. அழுத்திச் சொல்லும்போது ஒருவர் ஒலியை மட்டும் திருத்தலாம். 'ஏழாவது மாடி' என்றவர் 'ஏழாம் தளம்' என்று சொல்லையே மாற்றலாம். அல்லது ஆங்கில எண்ணுக்குத் தாவிவிடலாம். மூன்றும் கவனம் கூடியதன் அடையாளங்களே. 'ழ வந்தது, வரவில்லை' என்ற இரண்டு கட்டங்கள் மட்டும் கொண்ட தாளோடு போனால் பின்னிரண்டும் பதிவாகாமல் போய்விடும். அதனால் சொன்ன பதிலைச் சொன்னபடியே முழுதாக எழுத ஒரு பத்தி வேண்டும். ழகரத்துக்கான கட்டத்தை அந்தப் பத்திக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.